மைலுக்கு 9 பென்ஸ்



போன கூட்டத்தில் போக்குவரத்து பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் சொன்னார்: "எங்கட சனத்துக்குக் கார் ஒரு வருத்தம். கடன்பட்டாவது புதுசா ஒண்டு வாசலில நிக்க வேணும்." எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு மீன்முள் மாதிரித் தொண்டையில் நின்றது. எங்கள் வீட்டு வாசலில் நிற்பதும் கடன் கார்தான். அந்தக் கடன் பத்திரத்தை வாசித்து, கணினியில் பெட்டிகளை நிரப்பி, "அம்மா, இங்க கையெழுத்து வையுங்கோ" என்று காட்டியது நான்.

அந்தச் சிரிப்புக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். என் சிரிப்பும் அதில் சேர்த்தி.

முதலில் கார் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்ட் 29ஆம் திகதி யூலெஸ் வலயம் லண்டன் முழுவதற்கும் விரிந்தது. அம்மாவிடம் இருந்தது 2009ஆம் ஆண்டு டீசல் கார். கடன் இல்லை, கீறல் நிறைய. அதை ஓட்டினால் ஒரு நாளைக்கு 12.50 பவுண். கிழமைக்கு ஐந்து நாள் வேலை என்றால் 62.50. ஒரு விஷயம் தெளிவாக: சுத்தமான காற்று வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. லூயிஷமில் வாழ்ந்த எல்லா அடூ கிஸ்ஸி டெப்ரா ஒன்பது வயதில் இறந்தாள். காற்று மாசும் அவளுடைய சாவுக்குக் காரணம் என்று 2020இல் மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். அந்தப் பிள்ளைக்கு எதிராக என் அம்மாவின் டீசல் காரை நிறுத்தி வாதாட நான் வரவில்லை. ஆனால் பழைய காரை உடைக்கக் கொடுத்ததற்குக் கிடைத்த 2,000 பவுண் மானியம் எங்கே போனது? நேரே ஒரு நிதி நிறுவனத்துக்கு, அடுத்த காரின் முற்பணமாக. ஹரோவில் எங்கள் தெருவில் மட்டும் அந்த இலையுதிர் காலத்தில் இப்படி நாலு கார் மாறியது.

கார் பிசிபி முறையில் எடுத்தது. பெற்றோரின் பத்திரங்களை மொழிபெயர்த்தே வளர்ந்த உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: காரின் முழு விலையையும் மாதத் தவணையாகக் கட்டுவதில்லை. ஒப்பந்தம் முடியும்போது கார் எவ்வளவு பெறும் என்று நிறுவனம் முன்கூட்டியே ஒரு தொகையைக் குறித்துவிடும். இடையில் தேயும் மதிப்பையும் வட்டியையும்தான் மாதாமாதம் கட்டுகிறோம். கடைசியில் அந்தக் குறித்த தொகையை, பலூன் என்பார்கள், மொத்தமாகக் கட்டிக் காரை வைத்துக்கொள்ளலாம். அல்லது திருப்பிக் கொடுக்கலாம். அல்லது அதை விட்டு இன்னொரு காரை எடுக்கலாம். குறித்த மதிப்பு நிலைக்க வேண்டுமென்றால் கார் அதிகம் ஓடக் கூடாது. அதனால் வருடத்துக்கு இத்தனை மைல் என்று எல்லை. எல்லைக்கு மேல் ஓடிய காரைத் திருப்பிக் கொடுத்தால் ஒவ்வொரு மைலுக்கும் தண்டம்.

எங்களுடையது 14,000 பவுண் பெறுமதியான பாவித்த கார். முற்பணம் 2,000, மாதம் 219 வீதம் 48 தவணை, பலூன் 5,600, வட்டி 11.9 வீதம். கூட்டிப் பாருங்கள், 18,112. மைல் எல்லை வருடத்துக்கு 8,000. மேலதிக மைலுக்கு 9 பென்ஸ்.

அந்த 8,000ஐத் தெரிவு செய்தது நான்தான். 10,000 என்று போட்டால் மாதம் ஏழு பவுண் கூடியது. அம்மாவிடம் கேட்டேன். "நான் எங்க பிள்ளை போறன்? வேலைக்கும் கோயிலுக்கும்தானே" என்றா. சரியான கணக்குத்தான். வேலைத்தலம் பார்க் றோயலில், வீட்டிலிருந்து ஆறு மைல். விடுமுறை கழித்து வருடத்துக்கு 230 நாள், போக வர 2,760 மைல். கடை, கோயில், அம்மம்மாவின் ஆஸ்பத்திரி எல்லாம் சேர்த்து இன்னொரு 3,500. மொத்தம் 6,260. நிறைய இடம் மிச்சம். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அம்மாவுக்கு மாதம் ஏழு பவுண் மிச்சம் பிடித்துக் கொடுத்தேன் என்று.

2025 செப்டெம்பரில் அந்த வேலைத்தலம் டன்ஸ்டபிள் பக்கம் போனது. சாப்பாடு பொதி செய்யும் இடம் அது. பார்க் றோயல் கட்டடத்தின் வாடகை ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம், எம்1 நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் பெரிய கட்டடம் மலிவாம். வீட்டிலிருந்து 26 மைல். ஷிஃப்ட் காலை ஆறு மணிக்கு. டன்ஸ்டபிளுக்கு 1965இலேயே பயணிகள் ரயிலை நிறுத்திவிட்டார்கள். பழைய தண்டவாளப் பாதையில் 2013 முதல் லூட்டனிலிருந்து பஸ் ஓடுகிறது. ஹரோவிலிருந்து விடிய ஆறு மணிக்கு முன் பொதுப் போக்குவரத்தில் அங்கே போய்ச் சேருவதை நான் எத்தனையோ விதமாகத் தேடிப் பார்த்தேன். முடியாது. "கார் கலாசாரம்" பற்றி அடுத்த கூட்டத்தில் யாராவது பேசினால், அந்தப் பயணத் திட்டத்தை எனக்குப் போட்டுக் காட்டிவிட்டுப் பேசட்டும்.

இப்போது கணக்கு. வேலைக்கு மட்டும் வருடத்துக்கு 11,960 மைல். மற்ற ஓட்டத்தோடு 15,460. எல்லை 8,000. முதல் இரண்டு வருடத்தில் ஓடாமல் மிச்சம் விட்டதைக் கழித்தாலும், 2027 செப்டெம்பரில் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது 11,440 மைல் கூட இருக்கும். 9 பென்ஸ்படி 1,030 பவுண் வரை வரும்.

இந்த 1,030ஐத்தான் அம்மா இரவில் நினைக்கிறா. அது கடிதத்தில் எழுதியிருக்கும் தொகை, ஆங்கிலத்தில், தடித்த எழுத்தில். ஆனால் அதை விடப் பெரிய தொகைகள் எந்தக் கடிதத்திலும் வரவில்லை. ஒரு நாளுக்கு 40 மைல் கூடுதல் என்றால் வருடத்துக்கு 9,200 மைல். பெற்றோல் மட்டும் கிட்டத்தட்ட 1,250 பவுண். காப்புறுதியில் எழுதிய மைலையும் மாற்ற வேண்டியிருந்தது, அதுவும் ஏறியது. நேரம்: ஒரு நாளுக்குக் கூடுதலாக 50 நிமிடம் என்றால் வருடத்துக்கு 190 மணித்தியாலத்துக்கு மேல். வேலைத்தலம் மாறிய நேரத்துக் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.21. பெருக்கினால் கிட்டத்தட்ட 2,340 பவுண். கொம்பனி கொடுத்தது ஒரே ஒரு தடவை 500 பவுண், வரி பிடிக்க முதல். "நல்லெண்ணக் கொடுப்பனவு" என்று பெயர் வைத்திருந்தார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். இந்த நாட்டில் ஒரு மைலுக்கு மூன்று விலை இருக்கிறது. நிதி நிறுவனத்துக்குத் தெரியும், ஒவ்வொரு மைலும் காரைத் தேய்க்கிறது, ஆகவே அதற்கு 9 பென்ஸ். வரித் திணைக்களத்துக்கும் தெரியும்: வேலை விஷயமாகச் சொந்தக் காரை ஓட்டினால் முதல் 10,000 மைலுக்கு மைலுக்கு 45 பென்ஸ் வரியில்லாமல் கொடுக்கலாம் என்று 2011இல் வைத்தார்கள். மனேஜர் கிளைக்குக் கிளை போனால் அந்த விலை அவருக்குக் கிடைக்கும். அதே எம்1இல், அதே காலையில், அம்மா தன் வழக்கமான வேலைத்தலத்துக்குப் போனால் அந்த மைலின் விலை பூச்சியம். முதலாளி பூச்சியம் என்று வைத்திருக்கிறான், சட்டமும் தலையாட்டுகிறது. அந்த 9,200 மைலை 45 பென்ஸால் பெருக்கினால் 4,140 பவுண் வருகிறது. அம்மா வருடாவருடம் கொம்பனிக்குக் கொடுக்கும் வாடகைச் சலுகை அது. கட்டடம் மலிவானது என்று சொன்னார்களே, அந்த மலிவின் ஒரு பகுதி எங்கள் வாசலில் நிற்கிறது.

சட்டம் தலையாட்டுகிறது என்றேன். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் நேரம் பொதுவாகக் குறைந்தபட்சச் சம்பளக் கணக்கில் வராது. கோழிப் பண்ணைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு கொம்பனியின் வழக்கில் 2024இல் தீர்ப்பு வந்தது. தொழிலாளர்களை முதலாளியின் மினிபஸ்ஸே வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு மணிக்கணக்காக நாட்டின் வேறு மூலைகளுக்குக் கொண்டு போனது. அந்த நேரத்துக்குக்கூடக் குறைந்தபட்சச் சம்பளம் கட்டாயமில்லை என்றது வேலைவாய்ப்பு மேன்முறையீட்டு நியாயசபை. முதலாளியின் வாகனத்தில், முதலாளி குறித்த நேரத்தில் இருந்தாலும் அது உன் நேரமாம்.

வேலையை விட்டு நட்டஈடு வாங்கலாம்தானே என்று கேட்பீர்கள். வேலைத்தலம் மூடப்பட்டால் அது ஆட்குறைப்பு என்று 1996 வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்தின் 139ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டு வருடம் வேலை செய்திருந்தால் கொடுப்பனவும் உண்டு. ஆனால் அம்மாவின் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது: "நியாயமான தூரத்துக்குள்" எங்கு அனுப்பினாலும் போக வேண்டும். அந்த வரியைக் காட்டி, இது ஆட்குறைப்பே இல்லை, வெறும் இடமாற்றம் என்றார்கள். ஆட்குறைப்பு என்று ஒப்புக்கொண்டு 20 பேரோ அதற்கு மேலோ போனால் தொழிலாளர் பிரதிநிதிகளோடு கலந்தாலோசனை நடத்த வேண்டும். இடமாற்றம் என்றால் நோட்டீஸ் பலகையில் ஒரு தாள் போதும். ஐம்பத்தாறு வயதில், வேறு வேலை கிடைக்குமா என்று தெரியாமல், "26 மைல் நியாயமில்லை" என்று தனியாக வழக்குப் போட அம்மா தயாரில்லை. நானும் போடச் சொல்லவில்லை.

காரைத் திருப்பிக் கொடுக்கலாமா? இதில் உங்களுக்கு உண்மையிலேயே பிரயோசனமான ஒரு விஷயம் இருக்கிறது. 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 99, 100ஆம் பிரிவுகளின்படி, பலூனையும் சேர்த்து மொத்தத் தொகையின் பாதியைக் கட்டியவுடன் ஒப்பந்தத்தை நாங்களே முடித்துக் காரைக் கொடுத்துவிடலாம். எங்கள் கணக்கில் பாதி 9,056. 33ஆவது தவணையில்தான் அதைத் தாண்டும். பெயரில் கவனமாக இருங்கள்: கடிதத்தில் "வொலண்டரி டெர்மினேஷன்" என்று எழுத வேண்டும். தொலைபேசியில் இருப்பவர் "வொலண்டரி சரண்டர்" என்று ஒன்றைச் சொல்லி அதற்கு ஓம் சொல்ல வைத்தால், அது வேறு விஷயம், மிச்சக் கடன் தலையில் விழும். சரியாகச் செய்தாலும் மேலதிக மைலுக்குப் பில் அனுப்பிப் பார்ப்பார்கள். அதை மறுத்து எழுதலாம். காரைத் திருப்பிக் கொடுக்காமல் பலூன் கட்டி வைத்துக்கொண்டால் மைல் தண்டம் இல்லை. நடுவில் எல்லையை உயர்த்தப் பல நிறுவனங்கள் சம்மதிக்கும், மாதத் தவணை ஏறும். இதையெல்லாம் அம்மாவோடு இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாக் கதவும் ஒரே முற்றத்தில்தான் திறக்கிறது. காரைக் கொடுத்துவிட்டு டன்ஸ்டபிளுக்கு எப்படிப் போவது?

அம்மா தனியாகப் போகவில்லை. அதே ஷிஃப்ட்டில் இருக்கும் ஒரு குஜராத்தி அன்ரியையும் ஒரு ருமேனியப் பெண்ணையும் வெம்பிளியில் ஏற்றிக்கொண்டு போறா. பெற்றோல் காசை மூன்றாகப் பிரிக்கிறார்கள். எங்கள் கூட்டங்களில் தோழமை என்று நாம் பேசுவது அந்தக் காருக்குள் விடிய ஐந்து மணிக்கு நடக்கிறது. ஆனால் கவனியுங்கள், பெற்றோலைப் பிரிக்கலாம், மைலைப் பிரிக்க முடியாது. மூன்று பேர் வேலைக்குப் போன மைல் முழுவதும் அம்மாவின் ஒப்பந்தத்தில் ஏறுகிறது. உதவி செய்பவரின் பெயரில் தண்டம். அந்த அன்ரிக்கு இதை அம்மா சொல்லவேயில்லை, வெட்கம். நான்தான் சொன்னேன். அடுத்த நாளே அவர் தன் பங்குக்கு மைலுக்கு மூன்று பென்ஸ் என்று கணக்குக் கொப்பி தொடங்கிவிட்டார்.

அம்மாவின் சொந்தத் தீர்வு சீட்டு. அடுத்த கூறலில் கழிவு கூடப் போனாலும் பரவாயில்லை, எடுத்து 1,030ஐ ஒதுக்கி வைப்பம் என்றா. எங்கள் சனத்தின் சீட்டைப் பற்றி நாம் பெருமையாக எழுதியிருக்கிறோம், வங்கி கை விட்டவர்களின் வங்கி என்று. உண்மைதான். ஆனால் இங்கே என்ன நடக்கிறது? ஒரு கொம்பனி வாடகை மிச்சம் பிடிக்க, அதன் விலையை ஹரோவில் பதினைந்து தமிழ்க் குடும்பங்கள் மாதாமாதம் போடும் சீட்டு தாங்குகிறது. எங்களுடைய ஒற்றுமை அவர்களுடைய இலாபத்துக்கு மெத்தையாகிறது. நான் சீட்டை வேண்டாம் என்று சொன்னேன். அன்றைக்கு வீட்டில் சண்டை.

கார்க் கடன் இந்த நாட்டில் அரசியலாகவில்லையா என்றால், ஆகியிருக்கிறது. யாருக்காக என்று பாருங்கள். கார் விற்பவர்களுக்கு நிதி நிறுவனங்கள் இரகசியமாகக் கொடுத்த கொமிஷன் பற்றிய வழக்கில் 2024 ஒக்டோபரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் வாடிக்கையாளர் பக்கம் தீர்த்தது. சில மாதங்களுக்குள், 2025 தொடக்கத்தில், தொழிற்கட்சி அரசாங்கத்தின் நிதியமைச்சு அந்த வழக்கில் தானும் நுழைந்து பேச உச்ச நீதிமன்றத்திடம் அனுமதி கேட்டது. கடன் கொடுத்தவர்கள் அதிகம் நட்டப்பட்டுவிடக் கூடாது என்ற கவலை. உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுக்கவில்லை. ஆனாலும் 2025 ஆகஸ்ட் 1ஆம் திகதி வந்த தீர்ப்பு பெரும்பாலும் நிறுவனங்களுக்குச் சாதகம். மூன்று பேரில் ஒருவரின் முறைப்பாடு மட்டும் நின்றது. அவருடைய கடன் செலவில் 55 வீதம் கொமிஷனாகப் போயிருந்தது. வங்கிகளுக்கு ஒரு வழக்கு என்றவுடன் நிதியமைச்சே ஓடி வருகிறது. தொழிலாளியின் மைலுக்கு யாரும் வழக்கறிஞர் அனுப்பியதில்லை.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு ஆகஸ்டிலும் நாம் ஜெயாபென் தேசாயின் படத்தைப் போடுகிறோம். 1976இல் கிறன்விக்கில் தொடங்கிய வேலைநிறுத்தம், வில்ஸ்டனில், பார்க் றோயலிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில். அருமையான படம். அதே பகுதியில் 2025இல் ஒரு வேலைத்தலம் மூடி, ஆசியப் பெண்கள் நிறைந்த ஒரு ஷிஃப்ட் முழுவதும் 26 மைல் தள்ளிப் போனபோது நாம் அதைக் கவனிக்கவேயில்லை. என் அம்மா அதில் இருந்தும் நான் அதைக் கூட்டத்தில் சொல்லவில்லை. கார்க் கடன் என்பது வீட்டு விஷயம், கொஞ்சம் அவமானமான விஷயம், பெரியவர்களின் ஆசை என்று எனக்கும் உள்ளுக்குள் இருந்திருக்கிறது. "ஒப்பந்தத்தை வாசிக்காமல் கையெழுத்து வைத்தால் இப்பிடித்தான்" என்று சொல்லும் அங்கிளுக்கும், "கார் ஒரு வருத்தம்" என்று சொல்லும் தோழருக்கும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை. இரண்டு பேரும் கடன் வாங்கியவரைத்தான் பார்க்கிறார்கள், வேலைத்தலத்தை நகர்த்தியவனைப் பார்க்கவில்லை. ஒப்பந்தத்தை நான் வாசித்தேன். வரி வரியாக வாசித்தேன். இரண்டு வருடத்தில் கொம்பனி எங்கே போகும் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

இது நடக்காத காரியம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. என்எச்எஸ் ஊழியர் நிபந்தனைக் கையேட்டின் 17ஆம் பிரிவைப் பாருங்கள். மறுசீரமைப்பால் வேலைத்தலம் மாறினால், கூடுதல் தினப் பயணச் செலவை அதிகபட்சம் நாலு வருடம் வரை கொடுக்கலாம் என்று இருக்கிறது. "வீட்டிலிருந்து வேலைக்கு வருவது உன் பாடு" என்பது இயற்கை விதி இல்லை. தொழிற்சங்கம் மேசைக்கு மறுபக்கம் இருந்த இடத்தில் அது வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கிறது.

அந்தப் பிரிவை வைத்துத்தான் அம்மாவின் ஷிஃப்ட்டில் ஒரு கடிதம் எழுதினோம். கூடுதல் மைலுக்கு 45 பென்ஸ், நாலு வருடத்துக்கு. கார் இல்லாதவர்களுக்கு ஹரோ, வெம்பிளியிலிருந்து கொம்பனி வான். முதலில் அம்மா மாட்டேன் என்றா. கணக்குக் கொப்பி வைத்திருந்த அன்ரிதான் முதல் கையெழுத்து. இன்றைக்குப் பதினொரு பேர். மனேஜர் "பார்க்கிறோம்" என்று சொல்லியிருக்கிறார். எட்டுப் பேர் இப்போது சங்கத்தில் சேர்ந்திருக்கிறார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வருபவர்களிடம் ஒரு வேலை. வீட்டில் இருப்பவர்களிடம் மூன்று விஷயம் கேட்டு வாருங்கள்: வேலை ஒப்பந்தத்தில் இடமாற்ற வரி இருக்கிறதா, கார் ஒப்பந்தத்தில் மைல் எல்லை எவ்வளவு, இப்போது மீட்டர் எங்கே நிற்கிறது. பெயர் வேண்டாம், வேலைத்தலம் இருக்கும் பகுதி போதும். கேட்கும்போது தயவு செய்து சிரிக்காதீர்கள். எங்கள் கார் போன ஞாயிற்றுக்கிழமை 39,871. அம்மாவே படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறா.